கோலி சோடா பாட்டிலைச் சுவரில் மாட்டலாமா?

கைவினை: வாசகர் கேள்வி - பதில்

பரணில் கிடக்கும் பழைய பாட்டிலை ரெசின் வார்த்துச் சுவர் அலங்காரமாக்குவது எப்படி என்று கேட்டு வந்தவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. எபாக்ஸி ரெசின் (ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தோடு கலந்தால் கெட்டியாக இறுகும் திரவப் பிளாஸ்டிக்) இறுகிவிட்டால் அதைக் கலைத்து உள்ளிருக்கும் பொருளைப் பத்திரமாக மீட்க வீட்டில் வழி கிடையாது. ஆகவே நம்முடைய பதில்கள் எல்லாமே பாட்டிலில் படும் ரெசினைக் குறைக்கும் பக்கம்தான் சாய்ந்திருக்கும். இன்னொன்று, அதே அளவுள்ள காயலான் கடை பாட்டில் ஒன்றில் முழு வேலையையும் ஒரு தடவை செய்து பார்த்த பிறகே நினைவுப் பாட்டிலை எடுங்கள்.

கேள்வி: தாத்தா நடத்திய சோடா கம்பெனியில் மிஞ்சியது ஒரே ஒரு கோலி சோடா பாட்டில். கம்பெனிப் பெயர் கண்ணாடியிலேயே புடைப்பாக இருக்கிறது. பாதி மூழ்கும்படி ரெசினில் பதித்து ஹாலில் மாட்ட ஆசை. எவ்வளவு ரெசின் தேவை? எங்கிருந்து ஆரம்பிப்பது?
— வாசகி, விருதுநகர்

பதில்: பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். ஒளி கண்ணாடிக்குள் வளைகிற அளவும் ரெசினுக்குள் வளைகிற அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கண்ணாடிக்கு 1.52 என்றால் ரெசினுக்கு 1.55 பக்கம். புடைப்பெழுத்தின் மேல் ரெசின் படிந்தால், தண்ணீரில் மிதக்கும் ஐஸ்கட்டியின் ஓரம் தெரியாமல் போவதுபோல எழுத்தும் காணாமல் போகும். பாட்டில் அங்கேயே இருக்கும், தாத்தா பெயர் இருக்காது. எனவே பெயர் உள்ள பக்கம் மேலே பார்க்கட்டும், அதன்மேல் ஒரு சொட்டுகூட விழ வேண்டாம். வேலை முடியும்வரை அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டியே இருக்கட்டும்.

அளவுக்கு வருவோம். பலகை 25 × 35 செ.மீ., பாட்டிலின் விட்டம் 6 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பாதி மூழ்க 3 செ.மீ. உயரம் ஊற்ற வேண்டும். 25 × 35 × 3 = 2,625 மி.லி. பாட்டில் அடைக்கும் இடத்தைக் கழித்தாலும் இரண்டேகால் லிட்டருக்கு மேல் வரும். காசும் அதிகம், கனமும் அதிகம். அதைவிட, இவ்வளவு பருமனாக ஊற்றினால் சூடு ஏறுவது பெரிய தொல்லை. பலகையில் குழி வெட்டி, பாட்டிலைக் குழிக்குள் இறக்கிவிட்டால் அரை லிட்டரை ஒட்டிய ரெசினே போதும்.

18 மி.மீ. பிளைவுட் ஒன்று, அதே அளவில் 6 மி.மீ. பிளைவுட் ஒன்று, இரண்டும் தண்ணீர் தாங்கும் ரகமாக வாங்குங்கள். பாட்டிலை 18 மி.மீ. பலகையில் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். வரைந்த கோட்டின் மேலேயே வெட்டிவிடாதீர்கள். உருளை வடிவப் பாட்டில் 18 மி.மீ. ஆழம் இறங்கும்போது பலகையின் மேல்மட்டத்தில் அதன் அகலம் 6 செ.மீ. அல்ல, சுமார் 5.5 செ.மீ. தான். கோட்டுக்கு உள்ளே 2 மி.மீ. தள்ளி ஜிக்சாவால் வெட்டினால் பாட்டில் கச்சிதமாக உட்காரும். கழுத்துப் பகுதி இன்னும் மெல்லியது. அங்கே துளையைக் குறுகலாகவே விட்டு, அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பாட்டிலை வைத்துப் பார்த்துப் பொருத்துங்கள். ஆசாரியிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை.

வெட்டிய பலகையை 6 மி.மீ. பலகைமேல் ஃபெவிகால் தடவி ஒட்டி, கனம் வைத்து ஒரு நாள் விடுங்கள். பிறகு சுற்றிலும் 34 மி.மீ. உயரமுள்ள மரப் பீடிங் (ஓரப் பட்டி) அடியுங்கள். இரண்டு பலகையும் சேர்ந்து 24 மி.மீ.; மீதி 10 மி.மீ. கரையாக எழும்பி நின்று ரெசினைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் அதுவே சட்டமாகவும் இருக்கும். மூலைகளிலும் உள் இடுக்குகளிலும் சிலிக்கான் சீலன்ட் இழுத்துவிடுங்கள். சட்டத்துக்குள் 100 மி.லி. தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று சோதிக்கும் யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். ஈரம் மரத்துக்குள் போய்விட்டால் ரெசின் வெளுத்துவிடும். டார்ச் விளக்கை வெளியிலிருந்து அடித்து, உள்ளே வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது, பலரும் தாண்டிப் போய்ப் பிறகு வருந்துகிற ஒரு காரியம். மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கும். ரெசின் சூடாகும்போது அந்தக் காற்று விரிந்து குமிழாகக் கிளம்பும். ஊற்றி இரண்டு மணி நேரம் கழித்தும் விடாமல் வரும். இதைத் தடுக்கப் பலகையின் உள்பக்கம், குழி, குழியின் ஓரம் எல்லாவற்றிலும் ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து இரண்டு பூச்சு பூசி, முழுசாக 24 மணி நேரம் காயவிடுங்கள். பின்னணி நிறம் வேண்டுமென்றால் இந்தப் பூச்சுக்கு மேல் அக்ரிலிக் பெயின்ட் அடித்து, அதையும் ஒரு நாள் காயவிடலாம். பலகையின் முதுகுக்கும் வார்னிஷ் அவசியம். ஒரு பக்கம் ரெசின், மறுபக்கம் பச்சை மரம் என்று விட்டால் மழைக்காலத்தில் முதுகு ஈரம் குடித்து முழுப் பலகையும் அப்பளம்போல வளையும்.

பாட்டிலைச் சுத்தம் செய்யப் பச்சரிசி ஒரு கைப்பிடி, கல் உப்பு ஒரு ஸ்பூன், கால் டம்ளர் வினிகர் உள்ளே போட்டு நன்றாகக் குலுக்குங்கள். உப்புத் தண்ணீர்க் கறை போய்விடும். கோலியை வெளியே எடுக்கலாமா என்று யோசிக்காதீர்கள். 1872-இல் லண்டனில் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற இந்த வடிவத்தில், வாய்ப்பக்க ரப்பர் வாஷரில் கோலியை அழுத்தி மூடுவது உள்ளே இருக்கும் கேஸ்தான். கழுத்தை உடைக்காமல் கோலி வராது. பழைய ரப்பர் பொடிந்திருந்தால் ஊசியால் கிளறி எடுத்துவிடுங்கள். கழுவிய பாட்டிலைத் தலைகீழாக இரண்டு நாள் வெயிலில் வைத்து, உள்ளே கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு அலசிக் கொட்டுங்கள். ஒரு துளி ஈரம் தங்கினாலும் குளிர்ந்த காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படரும்.

இனிக் கம்பி. ரெசின் கண்ணாடியை நன்றாகவே பிடிக்கும், ஆனால் காலம் முழுக்க அதை நம்பிப் பாட்டிலைச் சுவரில் தொங்கவிடக் கூடாது. வெயிலிலும் குளிரிலும் கண்ணாடி கொஞ்சமாகவும் ரெசின் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேலாகவும் விரிந்து சுருங்குவதால், சில வருஷங்களில் இரண்டும் பிரிந்து வெள்ளித் தகடுபோல ஒரு பளபளப்பு தெரியும். நம் பாட்டிலோ அரைவட்டத்துக்கும் கீழேதான் பதிந்திருக்கிறது. ஆகவே கழுத்துக்கு ஒன்று, அடிப்பகுதிக்கு ஒன்று என 1 மி.மீ. செம்புக் கம்பியை வளையமாகப் போட்டு, குழிக்குள் 1.5 மி.மீ. துளை வழியே பின்னால் இழுத்து முறுக்கிவிடுங்கள். பெயரின் குறுக்கே கம்பி போக வேண்டாம். துளைகளைச் சிலிக்கானால் அடைத்து, பாட்டிலின் அடியிலும் மூன்று இடத்தில் பட்டாணி அளவு சிலிக்கான் வைத்து உட்காரவைத்து ஒரு நாள் விடுங்கள். வாயைக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடையுங்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

ரெசினை 3 மி.மீ. வீதம் இரண்டு தடவையாக ஊற்றுங்கள். முதல் தடவைக்கு இடுக்குகளும் சேர்த்து 300 மி.லி., இரண்டாம் தடவைக்கு 250 மி.லி. லேபிளில் 2:1 கனஅளவு (எடை அல்ல, மில்லி கணக்கு) என்று இருந்தால் 300 மி.லி.க்கு ரெசின் 200, ஹார்டனர் 100. மெதுவாக நான்கு நிமிடம் கிளறுங்கள். ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கிளற வேண்டும். பிறகு வேறொரு சுத்தமான கப்புக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். முதல் கப்பின் ஓரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி ஊற்றாதீர்கள், அது சரியாகக் கலக்காத மிச்சம். பலகையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, பாட்டிலுக்கு எட்டத்திலிருந்து ஊற்றினால் ரெசின் தானாக வழிந்து போய்ச் சேரும்.

மேலே வரும் குமிழை உடைக்கச் சமையல் டார்ச்சின் சுடரை 15 செ.மீ. உயரத்தில் ஓரிரண்டு விநாடி ஓட்டினால் போதும். ஆனால் சுடர் கண்ணாடிப் பக்கம் போகவே கூடாது. பட்ட இடத்தில் பாட்டில் விரிசல் விடும். பாட்டிலை ஒட்டிய குமிழ்களைப் பல்குச்சியால் குத்துங்கள். பிறகு ஃபேனை நிறுத்தி, மேலே அட்டைப்பெட்டி கவிழ்த்து, அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள். மழைக்கால மாலையில் ஒரே ஒரு ஈசல் போதும், ஆயுளுக்கும் உங்கள் பாட்டிலுக்குத் துணையாக இருக்கும்.

முதல் பூச்சில் கையுறை விரலால் தொட்டால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. 30 டிகிரியில் அநேகமாக நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் இந்தப் பதம் வரும். அப்போதே இரண்டாவதை ஊற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகப் பிணையும். அந்தப் பதம் தவறிவிட்டால் மூன்று நாள் விட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து ஊற்றுங்கள். தேய்க்காமல் ஊற்றினால் பின்னால் ஏடு ஏடாகப் பிரியும். ஏழு நாள் தட்டையாகக் கிடக்கட்டும், அப்புறம் சுவர்.

மொத்தம் மூன்று கிலோவுக்குள் வரும். காரைச்சுவரில் ஆணி அடித்து மாட்டுகிற கனம் அல்ல. 8 மி.மீ. வால் பிளக் இரண்டு, 50 மி.மீ. ஸ்குரூ இரண்டு, பலகையின் முதுகில் இரண்டு வளையம். கட்டில், சோபா, தொட்டில் இருக்கும் இடத்துக்கு மேலே மட்டும் வேண்டாம்.

கேள்வி: மகளின் முதல் பிறந்தநாளில் வாங்கிய ஜூஸ் பாட்டிலுக்குள் கடல் நீல நிற ரெசினை ஒரே மூச்சில் நிறைத்தேன். ஒரு மணி நேரத்தில் தொட முடியாத சூடு. ராத்திரி "டக்"கென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை விரிசல். பாட்டில் தரம் குறைந்ததா?
— வாசகர், ஈரோடு

பதில்: பாட்டில்மேல் குற்றமில்லை. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்தால் சூடு கிளம்பும். பலகையில் மெல்லிசாகப் பரப்பினால் அது காற்றில் போய்விடும். பாட்டிலுக்குள் குவிந்து நின்றால் போக வழியில்லை. சூடு வினையை வேகப்படுத்த, வினை சூட்டை ஏற்ற, மேல்பூச்சுக்கான ரெசின் கால் லிட்டர் குவிந்தாலே 100 டிகிரியைத் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் இறுகியது, ராத்திரி ஆறும்போது சுருங்கும். கண்ணாடியைப் பிடித்தபடியே சுருங்குவதால் கண்ணாடியை உள்பக்கமாக இழுக்கும். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான்.

ஆழமாக வார்க்கும் காஸ்டிங் ரெசினை ஒவ்வொரு சென்டிமீட்டராக ஊற்றினால் ஆபத்து குறையும், அறவே போகாது. நினைவுப் பாட்டிலின் உள்ளே நிறைக்கும் வேலையே வேண்டாம் என்பதுதான் நம் கருத்து. நீல நிறம் வேண்டுமென்றால் 20 மி.லி. நிற ரெசினை உள்ளே விட்டு, பாட்டிலைச் சுழற்றிச் சுழற்றி உள்பக்கம் முழுக்கப் படரவிட்டு, மிச்சம் வடியும்படி தலைகீழாக நிறுத்திவிடுங்கள். தாள் பருமனில் படிந்த ரெசினுக்குக் கண்ணாடியை உடைக்கும் பலம் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் நிறைத்ததுபோலவே தெரியும்.

விரிசல் விட்டதைத் தூக்கி எறியாதீர்கள். தனியே வந்த சில்லுகளைக் கையுறையோடு பொறுக்கி, பலகையில் மொசைக்காக அடுக்கி, மேலே 3 மி.மீ. ரெசின் ஊற்றலாம். முதல் பதிலில் சொன்ன அதே காரணத்தால் சில்லுகளின் கூர்மையான ஓரங்கள் ரெசினுக்குள் மங்கி, நீலம் மட்டும் தெரியும். உடைந்த பாட்டிலுக்கு ரெசினை விடச் சிறந்த இடம் இல்லை. முழுப் பாட்டிலுக்குத்தான் நாம் தயங்குவது.

கேள்வி: அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த அத்தர் குப்பியில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வாசனை போகாமல் அப்படியே ரெசினில் மூடிவிடலாமா?
— வாசகி, கீழக்கரை

பதில்: மூடினால் வாசனை இருக்கும், முகரத்தான் வழி இருக்காது. அதோடு, அத்தர் எண்ணெய்; கசிந்து வெளிச்சுவரில் பட்ட இடத்தில் ரெசின் பிடிக்காமல் பள்ளம் பள்ளமாக விலகும். வார்க்கும் சூட்டில் உள்காற்று விரிந்து மூடியைத் தள்ளினால் கசிவு நிச்சயம். அத்தரை வேறொரு சிறு குப்பிக்கு மாற்றிவிடுங்கள். காலிக் குப்பியின் கீழ் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பதித்து, மூடி திறக்கும்படி வெளியே விடுங்கள். மாட்டிய பிறகு ஒரு பஞ்சுத் துணுக்கில் இரண்டு சொட்டு அத்தர் நனைத்து உள்ளே போட்டு மூடி வைத்தால், திறக்கிற அன்றைக்கு அப்பா வாசனை வரும்.

சின்னக் குப்பிகள் மிதக்கும் என்பதையும் மறக்காதீர்கள். 40 மி.லி. இடம் அடைக்கும் குப்பி 35 கிராம்தான் இருந்தால், ரெசின் மில்லிக்கு 1.1 கிராம் என்ற கணக்கில் 44 கிராம் விசையோடு மேலே தள்ளும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் பதித்தால் தள்ளாது என்றாலும் சரிய வாய்ப்புண்டு. எப்படியானாலும் சிலிக்கான் பொட்டு வைத்து ஒட்டி, மறுநாள் ஊற்றுங்கள்.

கேள்வி: மூன்று நாளாகியும் ரெசின் பிசுபிசுக்கிறது. லேபிளில் 2:1 என்று இருந்தது. நகைத் தராசில் 200 கிராமுக்கு 100 கிராம் என்று துல்லியமாக நிறுத்துத்தான் கலந்தேன். மேலே இன்னும் கொஞ்சம் ஹார்டனர் பூசட்டுமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பூசாதீர்கள். தராசு துல்லியம்தான், அளவை மாறிவிட்டது. லேபிளில் "கனஅளவில்" என்று இருந்திருக்கும். ரெசின் மில்லிக்கு சுமார் 1.1 கிராம், ஹார்டனர் 1 கிராமை ஒட்டி. கனஅளவில் 2:1 என்பது எடையில் கிட்டத்தட்ட 100-க்கு 45. நீங்கள் 100-க்கு 50 போட்டிருக்கிறீர்கள். ஹார்டனர் பத்து சதவீதம் கூடுதல். கூடுதல் ஹார்டனருக்கு ஜோடி கிடைக்காமல் அது உள்ளேயே தங்கி ரெசினை மென்மையாக்கிவிடும். சர்க்கரைப் பாகு பதம் தவறினால் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சமாளிக்கலாம். இங்கே அந்த வித்தை எடுபடாது.

லேசான பிசுபிசுப்பு என்றால் 30 - 35 டிகிரி வெப்பமுள்ள அறையில் இன்னும் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். நகம் பதிந்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் மேல்பகுதியை வழித்தெடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, சரியான அளவில் கலந்த புது ரெசினை 2 மி.மீ. ஊற்றி மூடிவிடலாம். முழுவதும் கெட்டி, அங்கங்கே மட்டும் பிசுக்கு என்றால் அது அளவுப் பிழை அல்ல. கப்பின் ஓரத்தைச் சுரண்டி ஊற்றிய பிழை.

கேள்வி: மே மாதம் வேலூரில் 300 மி.லி. கலந்து வைத்துவிட்டு ஒரு போன் பேசி வந்தேன். கப்பே உருகிப் புகை வந்தது. தங்கை கோத்தகிரியில் அதே ரெசினைக் கலந்தால் தேன்போலக் கெட்டியாக, குமிழ் போகவே இல்லை.
— வாசகி, வேலூர்

பதில்: இரண்டுக்கும் காரணம் வெப்பநிலை. கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 10 டிகிரி ஏறினால் கைவசம் இருக்கும் நேரம் பாதியாகும். 25 டிகிரியில் 30 நிமிடம் தரும் ரெசின், வேலூரின் 38 டிகிரியில் 12 நிமிடம்தான் தரும். அதுவும் கப்பில் குவிந்திருந்தால் இன்னும் குறைவு. விடியற்காலையில் வேலை செய்யுங்கள், 150 மி.லி.க்கு மேல் ஒரு தடவை கலக்காதீர்கள், கலந்ததும் ஊற்றிவிடுங்கள். புகை வந்த கப்பைத் தண்ணீரில் போடாமல், கையுறையோ இடுக்கியோ கொண்டு வெட்டவெளிக்கு எடுத்துப்போய் மண் தரையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். அந்தப் புகையை முகரக் கூடாது.

கோத்தகிரித் தங்கை ரெசின் பாட்டிலை மட்டும் மூடியோடு 40 டிகிரி வெந்நீரில், அதாவது குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில், பத்து நிமிடம் நிறுத்தி, வெளியே நன்றாகத் துடைத்த பிறகு கலக்கட்டும். குளிரில் ரெசினுக்குள் வெள்ளைத் திட்டுகள் உறைந்திருந்தால் 50 டிகிரி வெந்நீரில் தெளியும்வரை வைத்தால் கரைந்துவிடும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். அடைமழை நாளில் இரண்டு ஊரிலும் வேண்டாம். காற்றின் ஈரத்தால் மேலே மெழுகு பூசியதுபோல ஒரு படலம் வரும். வந்துவிட்டால் இறுகிய பின் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தால் போகும். துடைக்காமல் மேலே அடுத்த பூச்சு மட்டும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: பழைய தைலப் பாட்டிலின் காகித லேபிள் ரெசின் பட்டதும் எண்ணெய்ப் பலகாரம் சுற்றிய தாள்போல ஆகிவிட்டதே?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: காகித இழைகளுக்கு இடையே இருந்த காற்றை விரட்டி ரெசின் உட்கார்ந்துவிட்டது, எண்ணெய்த்தாளிலும் நடப்பது இதுதான். இனித் திரும்பாது. அடுத்த தடவை லேபிளின் முகம், ஓரம் இரண்டிலும் தெளிந்த அக்ரிலிக் வார்னிஷை மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம். ஓரம்தான் முக்கியம், ரெசின் அங்கிருந்துதான் நுழையும். அதற்கு முன் லேபிளைப் படமெடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய அச்சு மை வார்னிஷிலேயே கரைந்து பரவக்கூடும் என்பதால் ஒரு மூலையில் மட்டும் முதலில் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: குழந்தையின் பிளாஸ்டிக் பால் பாட்டிலைப் பதித்தேன். பத்து நாளில் தானாகக் கழன்று கையோடு வந்துவிட்டது.
— வாசகி, தாம்பரம்

பதில்: பெரும்பாலான பால் பாட்டில்கள் பாலிபுரொப்பிலீன். ரெசின் கலக்கும் கப்பும் பல சமயம் அதே பிளாஸ்டிக்தான். இறுகிய ரெசினைக் கப்பிலிருந்து அலேக்காக உரித்தெடுக்கிறோம் இல்லையா, அதேதான் இங்கும் நடந்தது. சிலிக்கான் நிப்பிளிலும் ஒட்டாது. கம்பி வளையம் போட்டுக் கட்டுங்கள், அல்லது பாதி விட்டத்துக்கு மேலே 5 மி.மீ. உயரம்வரை ரெசின் ஏறும்படி குழியை ஆழமாக்குங்கள். ஒட்டாவிட்டாலும் கவ்விக்கொள்ளும். கழன்று வந்ததில் ஒரு நன்மை, பாட்டிலுக்கு எந்தச் சேதமும் இல்லை.

கேள்வி: காசியிலிருந்து அம்மா கொண்டுவந்த கங்கைத் தீர்த்தத்தைப் பாட்டிலோடு பதிக்கலாமா?
— வாசகர், திருவையாறு

பதில்: தண்ணீரோடு வேண்டாம். வார்க்கும் சூட்டில் தண்ணீர் விரியும். மூடி வழியாக ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த இடம் பால்போல வெளுத்துவிடும். வெளிச்சம் படும் சுவரில் சில மாதங்களில் உள்ளே பாசியும் பிடிக்கும். தீர்த்தத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுக் காலிப் பாட்டிலைப் பதியுங்கள், வாயும் மூடியும் வெளியே இருக்கட்டும். பாட்டில் நிமிர்ந்து நிற்கும்படி மாட்டினால் விசேஷ நாளில் தீர்த்தத்தை நிரப்பி, பிறகு எடுத்துவிடலாம்.

கேள்வி: நிறத்துக்கு மஞ்சள் தூள், குங்குமம் போடலாமா?
— வாசகி, சேலம்

பதில்: மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது, சில மாதத்தில் வெளிறும். கடையில் வாங்கும் குங்குமத்தில் என்ன சாயம் என்று நமக்குத் தெரியாது. மைக்கா (அப்பிரகம்) பொடி நிலைக்கும். 100 கிராம் ரெசினுக்கு 2, 3 கிராம் போதும், ஐந்தைத் தாண்ட வேண்டாம். போஸ்டர் கலரில் தண்ணீர் இருப்பதால் அதையும் தவிருங்கள்.

கேள்வி: இரண்டாவது பலகை செய்தபோது மணிக்கட்டில் அரிப்பு, சிறு சிறு கொப்புளம். ரெசின் பட்ட கையைத் தின்னர் போட்டுத்தான் கழுவினேன். மூன்றாவது செய்யட்டுமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். எபாக்ஸிக்கு உடம்பு ஒரு தடவை ஒவ்வாமை கொண்டுவிட்டால், அடுத்தடுத்து இன்னும் குறைந்த அளவுக்கே எதிர்ப்புக் காட்டும். அநேகமாக ஆயுளுக்கும் போகாது. தின்னர் தோலின் எண்ணெயைக் கரைத்து ரெசினை உள்ளே தள்ளும் வேலையைத்தான் செய்திருக்கிறது. பட்டால் முதலில் தாளால் ஒற்றி எடுத்து, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

இன்னும் அரிப்பு வராதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: பாத்திரம் கழுவும் மெல்லிய கையுறை போதாது, நைட்ரைல் கையுறை வேண்டும், கிழிந்தாலோ வழவழத்தாலோ உடனே மாற்ற வேண்டும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, ஜன்னல் திறந்த அறை. ரெசின் வாடைக்குத் துணி மாஸ்க் பயன்படாது. கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். இறுகியதைத் தேய்க்கும்போது வரும் தூசுக்கு என்95. மூன்று நாள் ஆகாத ரெசினைத் தேய்ப்பதையும் தவிருங்கள், அந்தத் தூசு இன்னும் முழுசாக வினை முடியாதது.

கேள்வி: இரண்டு வருஷத்துக்கு முன் செய்தது தேன் நிறத்துக்கு மாறிவிட்டது. வெளுக்க வைக்க வழி உண்டா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை. எபாக்ஸி புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும். அதைத் தடுக்கும் பொருள் சேர்த்த ரகம் தாமதமாக ஆகும், அவ்வளவுதான். மேல் ஓரம் மட்டும் மஞ்சளித்திருந்தால் 400, 800, 1500 என்று வரிசையாக நனைத்த எமரி தாளால் தேய்த்து, மெல்லிய புதுப் பூச்சு கொடுத்தால் கொஞ்சம் தெளியும். மேற்கு வெயில் விழும் சுவரிலிருந்து இன்றே கழற்றி வேறு சுவருக்கு மாற்றுங்கள். அடுத்து செய்யும்போது வெள்ளைப் பின்னணி வேண்டாம், மஞ்சள் முதலில் கண்ணில் படுவது அதில்தான். அடர் நீலத்திலோ மரநிறத்திலோ ஐந்து வருஷம் ஆனாலும் எளிதில் தெரியாது.